ஊவா மலைநாட்டிற் கிறிஸ்தவ சமயவாதம்

பதுளை நகரிலுள்ள தூய மாற்கு ஆலயத்தில் ஒரு நினைவுக்கல் உண்டு. பதுளையில் உதவி அரசாங்க அதிபராயிருந்த மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸ் என்பார் 1845ஆம் ஆண்டு யூன் 7ஆந் திகதி அப்புத்தளையில் இடிவீழ்ந்து இறந்த செய்தியை அது கூறும். அவர் நினைவாக எழுந்த அவ்வாலயம் 1857இல் அர்ப்பணிக்கப்பெற்றது. 1,400க்கு மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தியவர் எனப் பேர் பெற்றவர் அவர். அவரை இடி வீழ்த்தியது வினைப்பயனே என்றனர் ஊரார். நண்பர்களோ வாழ்வின் நிலையாமையை எண்ணி ஆலயம் எடுத்தனர். இயற்கை நூல் வல்லார்க்கு அது வெறும் மின்பாய்ச்சலே. இம்மூன்றனுள் எது அறிவுக்கு ஒத்தது? இத்தகைய வினாவுக்கு விடையிறுக்கும் கடமை இலங்கைக் கிறிஸ்தவர்க்கு விரைவிலேயே நேர்ந்தது.

தொடக்கத்திற் பாதிரிமார் அறிவு தம் பக்கமே உளது என நம்பினர். பூகோளம், வானநூல், அச்சியந்திரம் ஆகியன அவர் கையிலிருந்தன. ஆயின் பேர்சிவல் பாதிரியாருக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் உதவிய ஆறுமுக நாவலர், 1854இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில், எருசலேம் ஆலயத்துப் பலியும் விளக்கும் தூபமும் வேதாகமத்திலேயே விதிக்கப்பட்டிருத்தலைக் காட்டி, இவை ஆங்குத் தகுமெனின் சைவர் கோயிலில் மட்டும் தகாதவாறு யாங்ஙனம் என வினவினார். 1873 ஓகஸ்ட் 26, 28ஆந் திகதிகளில் நடந்த பாணந்துறை வாதத்திலும் இதுவே நிகழ்ந்தது. மீகெட்டுவத்தே குணானந்த தேரர் வேதாகமத்தைக் கொண்டே வேதாகமத்தைத் தாக்கினார். மெதடிஸ்த சபையின் டேவிட் த சில்வா பாளிமொழியிற் பெரும்புலவர்; எனினும் அவர் அடுக்கிய மேற்கோள்கள் கூடியிருந்தோர்க்கு விளங்கவில்லை. புலமை வேறு, வாதத்திறன் வேறு போலும்! மேனாட்டுப் பகுத்தறிவாளரின் நூல்களும் அக்காலத்தே பௌத்தர் கைக்கு எட்டியிருந்தன. ஐரோப்பாவிற் பிறந்த ஐயம் ஐரோப்பியக் கப்பலிலேயே வந்திறங்கியது.

இத்தகைய மேடைவாதம் ஊவாத் தோட்டங்களின் லயங்களை எட்டவில்லை. அங்குச் சமயம் பரப்பும் முறை வேறு. 1850களின் நடுவில் எழுந்த தமிழ்க் கூலி மிஷன், தோட்டத் துரைமார் பலரின் பொருளுதவி பெற்றது. உபதேசியார் தோட்டந்தோறும் நடந்து சென்று தமிழிலே போதித்தார், எழுத்தும் கற்பித்தார். அவருள் உண்மைத் தொண்டர் இருந்தனர் என்பதை மறுத்தல் நீதியன்று. எனினும், துரையின் இசைவுடன் லயத்துள் நுழைபவர் அன்பே உருவான இறைவனைப் பற்றிக் கூறும்போது, கேட்போர் துரையையும் உடன் நினைத்தல் இயல்பு. கங்காணியிடம் கடன்பட்டு, கொழுந்து குறைந்தாற் கூலியும் இழந்த தொழிலாளிக்கு அவ்விறைவனின் நீதி எங்ஙனம் விளங்கும்? தர்க்க நூலில் இதற்கு விடையில்லை. பெரும்பாலார் மாரியம்மன் கோயிலை விட்டகலவில்லை.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றவராக்கியது. 1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் உதவிபெறும் பாடசாலைகளை அரசின் கைக்கு மாற்றின. பள்ளிக்கூடமே கிறிஸ்தவ சபையின் வலிய கோட்டையாயிருந்தமையால், இனித் தம் சமயத்தை எதனாற் காப்பது என்ற வினா எழுந்தது. 1971ஆம் ஆண்டு இளைஞர் கிளர்ச்சி அவ்வினாவை மேலுங் கூர்மையாக்கியது. சமயம் பொருந்துமா பொருந்தாதா என்றல்ல, அதனால் யார்க்கு என்ன பயன் என்றே புதிய தலைமுறை கேட்டது.

இவ்வினாவை நேர்நின்று எதிர்கொண்டவர் ஆயர் லியோ நாணயக்கார. 1959 முதல் கண்டி ஆயராயிருந்த அவர், 1972இற் புதிதாய் அமைந்த பதுளை மறைமாவட்டத்தைத் தாமே விரும்பி ஏற்றார். பழைமையும் வசதியுமுள்ள ஆசனத்தை விடுத்து வறிய மலைநாட்டுக்கு வந்தமை, அவர் வாய்திறக்குமுன்னே கூறிய விடையாகும். பண்டாரவளையில் அவர் நிறுவிய சேவக செவணவில் குருத்துவ மாணவர் ஏடுகளோடு கிராம மக்களின் வாழ்வையும் பயின்றனர். துரையின் இசைவால் நுழைந்த உபதேசியாருக்கு நேர்ந்த இடர்ப்பாட்டை இம்முறை பெரிதும் நீக்கிற்று எனலாம்.

ஆயினும் ஒன்று கூறல் வேண்டும். தொண்டு, தொண்டனின் நேர்மையை நிறுவும். அவன் கொண்ட கொள்கை மெய் என்பதை நிறுவாது. சைவனும் பௌத்தனும் கடவுளை ஏற்காத பொதுவுடைமையாளனும் அதே தொண்டை ஆற்றுதல் கூடும். தோட்டத் தொழிற்சங்கங்களில் ஆற்றியும் உள்ளனர். 1982இல் ஆயர் லியோ மறைந்தார். நாவலரும் குணானந்தரும் எழுப்பிய வினாக்களோ நூலளவில் இன்னும் விடையை வேண்டியே நிற்கின்றன.