கராச்சியிலிருந்து மெட்ராஸுக்கு ஒரு தபால் மூட்டை

டாடா நிறுவனத்தின் முதல் விமான சேவை எந்த இரண்டு ஊர்களுக்கு இடையே நடந்தது என்று உங்கள் வீட்டுப் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள். பம்பாய், டில்லி என்பார்கள். கராச்சியும் நம் மெட்ராஸும்தான் அவை.

லண்டன் தபாலை இம்பீரியல் ஏர்வேஸ் விமானம் கராச்சி வரை கொண்டுவந்தது. அங்கிருந்து தெற்கே வர ரயில்தான். இந்த இடைவெளியை நிரப்பவே 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா 'புஸ் மாத்' என்ற ஒற்றை எஞ்சின் விமானத்தில் கராச்சியிலிருந்து கிளம்பினார். சுமை சுமார் 25 கிலோ தபால். அகமதாபாத்தில் இறங்கியபோது, பெட்ரோல் டின்களில் மாட்டு வண்டியில் வந்ததாம். மதியம் பம்பாய் ஜூஹு. (அது விமான நிலையம் அல்ல, களிமண் திடல். மழைக்காலத்தில் மூழ்கிவிடும் என்பதால் அப்போது பூனாவுக்கு மாற வேண்டியிருந்தது.) அங்கிருந்து நெவில் வின்சென்ட் ஓட்டினார். இரவு பெல்லாரியில் தங்கி மறுநாள் மெட்ராஸ் வந்து சேர்ந்தார்.

இந்த வழியில் தூரம் சுமார் 2,100 கி.மீ. விமானத்தின் வேகம் மணிக்குச் சுமார் 160 கி.மீ. வகுத்துப் பாருங்கள், ஆகாயத்தில் மட்டும் 13 மணி நேரம். வழிகாட்ட ரேடியோ இல்லை.

கடிதத்துக்கு ஏன் இத்தனை அவசரம்? வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவனுக்கு அது உடனே புரியும். லட்ச ரூபாய் பில் ஒன்று தபாலில் இருக்கிறது, வட்டி 6 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் தாமதத்துக்கு 16 ரூபாய் போச்சு. அன்றைய 16 ரூபாய்! எனவே முதலில் பறந்தது தபால்தான், ஆட்கள் அப்புறம். 1933 முழுவதும் அந்த நிறுவனம் ஏற்றியது 155 பயணிகள். தபாலோ 10 டன்னுக்கு மேல்.

1947இல் கராச்சி வேறு நாடாயிற்று. ஆனாலும் 1982 அக்டோபர் 15 அன்று, 78 வயதில், ஜே.ஆர்.டி. அதே கராச்சி - பம்பாய் வழியில் 'லெப்பர்ட் மாத்' என்ற சிறு விமானத்தைத் தனியாக ஓட்டி வந்தார். அதற்கு இரு நாடுகளும் அனுமதித்தன.

இன்று? நேர்கோட்டில் சென்னை - கராச்சி சுமார் 1,900 கி.மீ. ஜெட் விமானத்துக்கு மூன்று மணி நேரம்கூட ஆகாது. ஆனால் நேரடி விமானம் கிடையாது. 2025 ஏப்ரல் முதல் இரு நாடுகளும் மற்றவர் விமானங்களுக்கு வான்வழியையே மூடிவிட்டன. துபாய் வழியாகப் போனால், போக சுமார் 2,900 கி.மீ., அங்கிருந்து திரும்பிவர சுமார் 1,200 கி.மீ. பறப்பதற்கே ஆறு மணி நேரம், நடுவில் காத்திருப்பு வேறு. விசா கிடைப்பது தனிக் கதை.