மடக்குக் கூரை மாற்றம்: பழைய குடும்பக் கார்கள்

மடக்குக் கூரை மாற்றம் என்பது, உலோகக் கூரையுடன் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த குடும்பக் காரொன்றின் கூரையை அதன் உரிமையாளரோ சிறு பட்டறையோ அறுத்து நீக்கிவிட்டு, மடித்து வைக்கக்கூடிய துணிக்கூரையை அங்கே பொருத்துவதாகும். பிரிட்டனில் சலூன் என்றும் அமெரிக்காவில் செடான் என்றும் வழங்கும் மூடிய கார்களே பெரும்பாலும் இதற்கு உட்படுகின்றன. ஒரே மாதிரியில் மூடிய வகை பெருந்தொகையாகவும் திறந்த வகை சிறுதொகையாகவும் உற்பத்தியானதால், பழைய கார்ச் சந்தையில் திறந்த வகையின் விலை ஏறிப்போக, மலிவாகக் கிடைக்கும் சலூனை வாங்கி அதைத் திறந்த காராக்கும் முயற்சி பல நாடுகளில் தோன்றியது. அது ஒரு மரபாகவே வேரூன்றிய இடங்களுள் மோரிஸ் மைனர் காரைப் பேணும் பிரிட்டனும், 1950களின் அமெரிக்கக் கார்களை இன்றும் ஓட்டும் கியூபாவும் முதன்மையானவை.

கூரை மழையையும் வெயிலையும் தடுக்கும் மூடி மட்டுமன்று. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய குடும்பக் கார்களில் பல 'மோனோகாக்' என்னும் முறையில் கட்டப்பட்டவை. அதாவது, எஞ்சினையும் சக்கரங்களையும் தாங்கத் தனியே ஓர் அடிச்சட்டம் இல்லாமல், தரை, பக்கச் சுவர், தூண், கூரை ஆகிய தகடுகள் யாவும் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டுச் சுமையைப் பகிர்ந்துகொள்ளும் ஒரே கூடாக அமைந்தவை. இக்கூட்டின் மீது இரு வகை விசைகள் ஓயாமல் செயற்படுகின்றன. பயணிகளின் எடையால் நடுப்பகுதி கீழ்நோக்கித் தொய்வது வளைவு. ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்க மறுபக்கத்துச் சக்கரம் மேட்டில் நிற்கும்போது கூடு முழுவதும் திருகப்படுவது முறுக்கம். மூடியை ஒட்டிய அட்டைப் பெட்டியைக் கையால் முறுக்குவது கடினம், மூடியைக் கிழித்துவிட்டால் அதே பெட்டி எளிதில் நெளிந்துவிடும் என்பதிலிருந்து கூரையின் பங்கை உணரலாம். வளைவைத் தரையோரத்து விட்டங்கள் ஓரளவு தாங்கிக்கொள்ளும். முறுக்கத்தை எதிர்க்கும் ஆற்றலோ கூரையோடு பெருமளவு போய்விடுகிறது. அதன் விளைவாகக் கதவுகள் சட்டத்தில் சரிவரப் பொருந்தாமல் போவதும், முன்கண்ணாடி விரிசலிடுவதும், மேடுபள்ளமான சாலையில் டேஷ்போர்டும் ஸ்டியரிங்கும் சேர்ந்து நடுங்குவதும் நிகழ்கின்றன.

அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த மோரிஸ் மைனர் 1948இல் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமானபோது, இருகதவுச் சலூனோடு 'டூரர்' என்ற துணிக்கூரை வகையும் கூடவே வந்தது. 1971 வரை 16 லட்சத்துக்கும் மேற்பட்ட மைனர்கள் செய்யப்பட்டன. அவற்றுள் சிறு பங்கே டூரர்கள், அவையும் 1969இல் நிறுத்தப்பட்டன. இடுப்புக்குக் கீழே இவ்விரண்டின் உடற்கூடும் ஏறத்தாழ ஒன்றே என்பதுதான் பிற்கால மாற்றங்களுக்கு அடிப்படையாயிற்று. கூரை இல்லாத குறையை ஈடுகட்டத் தொழிற்சாலை எங்கெங்கே வலுவூட்டியது என்பது டூரரைப் பிரித்துப் பார்த்தாலே தெரியும். கதவுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் 'சில்' என்னும் விட்டத்தின் உட்புறத்தில் கூடுதல் தகடுகளும், டேஷ்போர்டின் இரு முனைகளையும் கதவுத் தூண்களோடு பிணைக்கும் முக்கோணத் தகடுகளும், கதவுக்குப் பின்னுள்ள நடுத்தூணின் அடிப்பகுதியில் தாங்குதகடுகளும் அங்கே காணப்படும். இவற்றை அப்படியே படியெடுத்துச் செய்த உறுப்புத் தொகுதிகள் மைனர் பேணுநரிடையே விற்பனைக்கு வந்தமையால், வடிவமைத்தவர்களே வகுத்த வழியைச் சலூன் உரிமையாளரும் பின்பற்ற முடிந்தது. இத்தகைய முன்மாதிரி இல்லாத கார்களில் ஊகத்தின் பேரில் செய்யப்படும் மாற்றங்களைவிட மைனர் மாற்றங்கள் நம்பகமானவையாக இருப்பதற்கு இதுவே காரணம். இருகதவுச் சலூனே இதற்கு ஏற்றது. நான்கு கதவு வகையில் பக்கச் சுவரில் இரண்டு திறப்புகள் இருப்பதால் கூடு மேலும் தளர்ந்துவிடும். மைனர் கார்கள் நெடுங்காலம் அன்றாடப் பயன்பாட்டில் நிலைத்த இலங்கையில், காலிப் பகுதியில் 1990களில் தோன்றிய பட்டறையொன்று இக்காருக்கான தகட்டு உறுப்புகளைச் செய்து பிரிட்டனுக்கு அனுப்பிவந்தமையும் இம்மரபோடு தொடர்புடையது.

கூரையை அறுப்பது சில மணி நேர வேலை. அதற்கு முன்பு தரைமட்டத்தில் செய்ய வேண்டியவையே மாற்றத்தின் மெய்யான உழைப்பு. முதலில் சில் விட்டங்களும் பின் ஸ்பிரிங் பிணைப்புகளும் துருவேறியுள்ளனவா என்று பார்த்து, பழுதுற்றவற்றை வெட்டியெடுத்துப் புதிய தகடு வைக்கவேண்டும், ஏனெனில் கூரையின் சுமையையும் இனி அவையே ஏற்கவிருக்கின்றன. அடுத்து, காரைச் சமதளத்தில் நிறுத்தி, கதவுத் திறப்புகளின் குறுக்கேயும் இடது வலது தூண்களுக்கு இடையேயும் இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைத்து, கூட்டின் வடிவம் மாறாதபடி கட்டிவைப்பர். வலுவூட்டும் தகடுகள் யாவும் சேர்ந்து, கதவுகள் ஒழுங்காக மூடுவதை உறுதிசெய்த பின்னரே அறுப்பு தொடங்க வேண்டும். இவ்வரிசை தலைகீழானால், தொய்ந்த நிலையிலேயே கூடு பற்றவைக்கப்பட்டு, பின்னர் எவ்வளவு சீரமைத்தாலும் கதவு இடைவெளி நேராவதில்லை. முடிந்த காரை ஒரு பக்கம் ஜாக்கி வைத்து உயர்த்தி, அந்நிலையிலும் கதவு உரசாமல் திறந்து மூடுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனையாகும்.

துணிக்கூரை, மடியும் இரும்புச் சட்டத்தின் மீது விறைப்பாக இழுத்துக் கட்டப்பட்டு, முன்கண்ணாடிச் சட்டத்தின் மேல்விளிம்பில் கொக்கிகளால் பூட்டப்படுகிறது. பக்கச் சட்டங்களை அறுக்காமல் கூரையின் நடுப்பகுதியை மட்டும் துணியாக்கிப் பின்னோக்கிச் சுருட்டும் முறையும் உண்டு. 1950ஆம் ஆண்டின் நாஷ் ராம்ப்ளரும் 1957ஆம் ஆண்டின் ஃபியட் 500உம் தொழிற்சாலையிலேயே அவ்வாறு செய்யப்பட்டவை. முழுத் திறப்பின் அழகு இதில் இல்லையெனினும், கூட்டின் வலிமை பெரிதும் காக்கப்படுவதால், முதல் முறையாக முயல்வோருக்கு இதுவே பொருத்தமான வழி.

கியூபாவின் நிலை வேறு. 1959 புரட்சிக்கு முன் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான கார்கள், 1962இல் முழுமையான வணிகத் தடை வந்த பின்னர் பதிலியும் உதிரிப்பாகமும் இன்றி, உள்ளூர்க் கைவினைஞரின் திறமையாலேயே உயிர்வாழ்ந்தன. ஹவானாவுக்குச் சுற்றுலாப் பயணிகள் பெருகியபோது, மலேக்கோன் கடற்கரைச் சாலையில் திறந்த காரில் வலம்வரவே அவர்கள் விரும்பியதால், மூடிய செடான்கள் பல கூரை இழந்தன. 1950களின் அமெரிக்கக் கார்களில் பெரும்பாலானவை சேசிஸ் எனப்படும் தனி அடிச்சட்டத்தின் மீது உடற்கூட்டைப் பொருத்தியவை என்பதால், கூரை போனாலும் கார் நடுவில் மடிந்துவிடுவதில்லை. ஆயினும், அக்காலத் திறந்த செவ்ரோலே கார்களின் சேசிஸில் தொழிற்சாலை வைத்த பெருக்கல் குறி வடிவக் குறுக்குவிட்டம் செடானில் இராது. அதை ஈடுசெய்யாமல் அறுத்த கார்கள் பள்ளங்களில் உலுங்குகின்றன. 1950களின் நடுப்பகுதியில் அமெரிக்க நிறுவனங்கள் எவையும் நான்கு கதவு மடக்குக் கூரைக் காரை வழக்கமான உற்பத்தியில் செய்யவில்லை. ஆகவே ஹவானாவில் நான்கு கதவோடு திறந்து ஓடும் அக்காலச் செவ்ரோலேயோ பியூக்கோ, பட்டறையில் மாற்றப்பட்டது என்பதற்கு அதன் கதவுகளே சான்று. வறுமைக்கும் தடைக்கும் நடுவே இவற்றை ஓடவைத்திருக்கும் பட்டறையாளரின் திறமை போற்றத்தக்கது.

கார் கவிழ்ந்தால் பயணிகளைக் காக்கும் தூண்கள் நீங்கிவிடுவதும், சீட் பெல்ட்டின் தோள்பட்டை முனையைப் பிணைக்க இடமில்லாது போவதும் இம்மாற்றத்தின் பெருங்குறைகளாகும். எனவே சட்டங்கள் இதைக் கண்காணிக்கின்றன. பிரிட்டனில் நெடுங்காலம் நடைமுறையிலிருந்த புள்ளி முறையின்படி, கார் தன் பழைய பதிவெண்ணைத் தக்கவைக்க 14இல் 8 புள்ளிகள் தேவைப்பட்டன. மாற்றப்படாத உடற்கூட்டுக்கு மட்டும் 5 புள்ளிகள் அளிக்கப்பட்டன. 2018 மே முதல் 40 ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு உண்டெனினும், பெருமாற்றத்துக்கு உட்பட்டவற்றுக்கு அது பொருந்தாது. இந்தியாவில் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று வேறுபடும்படி வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது; உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதிப்படுத்தியது.

மாற்றப்பட்ட மைனரை டூரர் என்று சொல்லி விற்கும் ஏமாற்று நிகழ்வதால், வாங்குவோர் சேசிஸ் எண்ணைப் பார்ப்பர். 1950களின் பிற்பகுதியிலிருந்து டூரரின் எண்ணில் 'டி' என்ற எழுத்தும் இருகதவுச் சலூனின் எண்ணில் '2எஸ்' என்ற குறியும் இடம்பெற்றன. எண் தாங்கிய தகட்டைக் கழற்றி வேறு காரில் பொருத்திவிட முடியுமாதலால், அனுபவமுள்ளோர் தரை விரிப்பை நீக்கி, சில் விட்டத்தின் உட்தகடு தொழிற்சாலையின் சீரான புள்ளிப் பற்றுகளால் இணைக்கப்பட்டுள்ளதா, பட்டறையில் இட்ட தொடர் பற்றுக் கோடு தெரிகிறதா என்பதையும் சேர்த்தே ஆராய்வர்.