பெற்ற பிள்ளைக்குச் செய்வது தர்மமா?

பெற்ற பிள்ளைக்குச் சோறு போடுவது தர்மம் ஆகுமா? "அது கடமை ஐயா, தர்மம் வேறு" என்று நீங்கள் சொல்லக்கூடும். லண்டனில் இருந்த பெரிய நீதிபதிகளும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். அந்த ஒரு சொல்லால் இந்திய முஸ்லிம் குடும்பங்கள் பல கலங்கிப் போயின.

1868-ஆம் ஆண்டு. அன்றைய வங்காளத்தில் முஸ்லிம் சகோதரர் இருவர் தங்கள் சொத்தை வக்பு செய்தார்கள். வக்பு என்றால் சொத்தை விற்காமல், யாருக்கும் கொடுக்காமல், பாகம் பிரிக்காமல் நிறுத்தி வைத்து, அதன் வருமானத்தை மட்டும் நற்காரியத்துக்கு விடுவது. கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வது என்று உமர் கேட்டபோது, நபிகள் நாயகம் காட்டிய வழி அது. உமரின் ஏற்பாட்டில் ஏழைகளும் வழிப்போக்கர்களும் பயன் பெற்றார்கள். உறவினர்களும் பயன் பெற்றார்கள். இதை மறந்துவிடக் கூடாது.

நமது சகோதரர்கள் வருமானத்தை முதலில் தங்கள் சந்ததிக்கு வைத்தார்கள். வம்சம் அற்றுப் போனால் விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் ஏழைகளுக்கும் சேர வேண்டும் என்று எழுதினார்கள். வழக்கு பிரிவி கவுன்சில் வரை போயிற்று. 1894-இல் ஹாப்ஹவுஸ் பிரபு தீர்ப்புச் சொன்னார். ஏழைகளுக்கு என்றோ ஒரு நாள் கிடைக்கப் போவது வெறும் பெயரளவுக்கே; ஆகவே வக்பு செல்லாது!

கல்கத்தா ஹைகோர்ட் நீதிபதி சையத் அமீர் அலி, 1892-லேயே வேறொரு வழக்கில் இதற்கு நேர்மாறாக எழுதியிருந்தார். தன் குடும்பம் பிச்சைக்குப் போகாமல் காப்பதும் இஸ்லாத்தில் அறமே என்பது அவர் கட்சி. அறிஞர் ஷிப்லி நுஃமானி இதற்காக ஆதரவு திரட்டினார். இளம் வக்கீலாயிருந்த ஜின்னா 1911-இல் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார். 1913-இல் அது சட்டமாயிற்று. குடும்ப வக்பு மறுபடியும் உயிர் பெற்றது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் சுபம் என்று எழுதிவிடலாம். ஆனால் 1949-இல் சிரியாவும் 1952-இல் எகிப்தும் குடும்ப வக்பைத் தாமாகவே ஒழித்துவிட்டன! அங்கே எந்த வெள்ளைக்கார நீதிபதியும் தீர்ப்புச் சொல்லவில்லை. தலைமுறைக்குத் தலைமுறை பங்காளிகள் பெருகினார்கள். ஆளுக்குக் கிடைத்தது சில காசுகள். விற்கவும் முடியாத, பழுது பார்க்கவும் ஆளில்லாத சொத்து பாழாயிற்று.

இன்னொரு குறையும் உண்டு. மகளுக்குக் குர்ஆன் நிச்சயித்த பாகத்தைக் கொடுக்காமல் தப்பிக்கவும் சிலர் வக்பைக் கருவியாக்கினார்கள். இந்தியாவில் 2025-இல் வந்த வக்பு திருத்தச் சட்டத்தின் பல பிரிவுகள் பெரும் சர்ச்சைக்கு உள்ளாயின. அதே சட்டத்தில், குடும்ப வக்பினால் பெண் வாரிசுகளின் உரிமை பறிபோகக் கூடாது என்றும் ஒரு விதி இருக்கிறது.

பெற்ற பிள்ளைக்குச் செய்வது தர்மமா என்று 1894-இல் கேட்டார்கள். தர்மம்தான் என்று நானும் அமீர் அலி பக்கமே நிற்பேன். ஆனால் அவரிடம் ஒன்று மட்டும் கேட்க ஆசை: பிள்ளை என்றால் மகளும் சேர்த்தித்தானே?