படிகளை எண்ணிப் புறப்படுங்கள்: திருவனந்தபுரத்தில் முதியோர், மாற்றுத்திறனாளிகளுக்கான அருங்காட்சியகப் பயணமும் உள்ளூர் உணவும்

திருவனந்தபுரம்: தமிழகத்திலிருந்து கேரளத் தலைநகருக்குச் செல்லும் குடும்பங்கள் பெரும்பாலும் பத்மநாபசுவாமி கோயில், அருங்காட்சியகம், உயிரியல் பூங்கா, கோவளம் என ஒரு நாளை வகுத்துக்கொள்கின்றன. அந்த வரிசையில் எங்கோ ஓரிடத்தில், "பாட்டி வண்டியிலேயே இருக்கட்டும்" என்ற பேச்சு எழுகிறது. முழங்கால் வலிதான் காரணம் என்று சொல்லப்பட்டாலும், அவரை வண்டியில் உட்கார வைப்பவை வாயிலில் உள்ள படிகளே. சக்கர நாற்காலி பயன்படுத்துவோர், ஊன்றுகோலுடன் நடப்போர், பார்வை மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும் இதே நிலைதான். உணவகத்திலும் இது தொடர்கிறது. நல்ல மீன்குழம்பு கிடைக்கும் கடை மாடியில் இருந்தால் அவர்களுக்குப் பொட்டலம்தான் வந்து சேரும்.

இந்நகரில் எந்த இடத்துக்கு எவ்வாறு திட்டமிடுவது, சட்டம் என்ன சொல்கிறது, உள்ளூர் உணவில் எவற்றைத் தேடிச் சுவைக்கலாம் என்பவை குறித்த தகவல்கள் வருமாறு.

நேப்பியர் அருங்காட்சியக வளாகம்

நகரின் மையத்தில் உள்ள இவ்வளாகம், ஒரே இடத்தில் பல காட்சியகங்களைக் கொண்டிருப்பதால் நடமாடச் சிரமப்படுவோருக்கு ஏற்ற தொடக்கம். சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் பெயரால் அழைக்கப்படும் முதன்மைக் கட்டடத்தை ராபர்ட் ஃபெலோஸ் சிஷோம் வடிவமைத்தார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லமும் அவர் கைவண்ணமே. 1874-இல் தொடங்கிய பணி 1880-இல் நிறைவுற்றது. செப்புத் திருமேனிகள், தந்தச் சிற்பங்கள், மர வேலைப்பாடுகள் இங்குள்ளன. அருகிலேயே 1935-இல் திறக்கப்பட்ட ஸ்ரீ சித்ரா ஓவியக்கூடம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், 2023-இல் திறக்கப்பட்ட ராஜா ரவிவர்மா ஓவியக்கூடம் ஆகியவை அமைந்துள்ளன. ரவிவர்மா பிறந்த கிளிமானூரும் இதே மாவட்டத்தில்தான் இருக்கிறது.

ஒரு நாளில் இவை அனைத்தையும் பார்த்துவிட முயல்வது தவறு. வளாகம் மேடும் பள்ளமுமான நிலத்தில் பரந்து கிடக்கிறது. உயிரியல் பூங்காவையும் சேர்த்தால் சக்கர நாற்காலியைத் தள்ளுபவர் நண்பகலுக்குள் களைத்துவிடுவார். முற்பகலில் இரண்டு காட்சியகங்கள், நிழலில் ஓய்வு, பிறகு உணவு என்ற அளவே போதுமானது. பூங்காவை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அருங்காட்சியகத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. புதன்கிழமை முற்பகலிலும் மூடப்பட்டிருக்கும். நேரங்கள் மாறக்கூடும் என்பதால் முன்கூட்டியே தொலைபேசியில் கேட்டறிவது நல்லது.

பார்வை மாற்றுத்திறனாளிகளுக்குப் படிக்கட்டைவிடப் பெரிய தடை கண்ணாடிப் பேழை. தந்தச் சிற்பத்தின் நுணுக்கத்தைக் கண்ணாடிக்கு வெளியிலிருந்து அவர்கள் எவ்வாறு அறிவது? டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2016-இல் 'அனுபவ்' என்ற தொட்டுணர் காட்சிக்கூடம் அமைக்கப்பட்டு, புகழ்பெற்ற அரும்பொருள்களின் படிவங்களைக் கையால் தடவி அறியும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. ஸ்பெயினின் பிராடோ அருங்காட்சியகம் 2015-இல் ஓவியங்களையே புடைப்பு வடிவில் உருவாக்கித் தொட்டுப் பார்க்க அனுமதித்தது. இத்தகைய வசதி இல்லாத இடங்களுக்குச் செல்வோர், உடன் வருபவரை முந்தைய நாளே இரண்டு மூன்று அரும்பொருள்களைப் பற்றிப் படித்துவரச் சொல்லலாம். நூறு பொருள்களின் பெயர்களை வாசித்துக்கொண்டே நடப்பதைவிட, ஒரு நடராசர் திருமேனியின் முன் பத்து நிமிடம் நின்று விவரிப்பது பயன் தரும்.

குதிரமாளிகையும் பத்மநாபபுரமும்

கோயிலுக்கு அருகில் உள்ள குதிரமாளிகை, சுவாதித் திருநாள் மன்னரால் கட்டப்பட்டது. இறவாரத்தின் கீழே 122 மரக்குதிரைகள் செதுக்கப்பட்டுள்ளதால் இப்பெயர் பெற்றது. மேல்தளத்துக்கு மரப்படிகளில் ஏற வேண்டும். ஆனால் அந்தக் குதிரைகளைக் கீழே நின்று அண்ணாந்து பார்ப்பதே முறை என்பதால், மாடி ஏற இயலாதோருக்கும் இங்கு கிடைப்பது கணிசமானது.

பத்மநாபபுரம் அரண்மனையின் கதை வேறு. திருவனந்தபுரத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தொலைவில், கன்னியாகுமரி மாவட்டம் தக்கலை அருகே இது அமைந்துள்ளது. 1956 நவம்பர் 1-இல் குமரி மாவட்டம் தமிழகத்துடன் இணைந்த பிறகும், அரண்மனையைக் கேரளத் தொல்லியல் துறையே பராமரித்து வருகிறது. குறுகிய, செங்குத்தான மரப்படிகள், உயர்ந்த வாயிற்படிகள், தாழ்ந்த நிலைகள் எனப் பார்வையாளர் பாதை முழுவதும் ஏறி இறங்க வேண்டும். மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையே மாடியில்தான் இருக்கிறது. இரு அரண்மனைகளிலும் காலணி அனுமதி இல்லை. கால் தாங்கியோ செயற்கைக் காலோ அணிந்தவர்களுக்கு இது சிறு செய்தி அன்று. கழற்ற இயலாத காலணிக்குத் துணி உறை போட்டுக்கொள்ள அனுமதி கிடைக்குமா என முன்பே கேட்டுவைக்க வேண்டும். சக்கர நாற்காலியில் செல்வோரை இங்கு அழைத்துச் செல்லும் முன், எந்தப் பகுதிவரை தரைத்தளத்திலேயே செல்ல முடியும் என்பதை அலுவலகத்தில் விசாரித்து, அது போதுமா என்று அவரையே முடிவு செய்யவிடுவது முறையாகும்.

உணவில் ஆர்வமுள்ளோர் இங்கு தவறவிடக் கூடாதது ஊட்டுப்புரை. ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் அமர்ந்து உண்ணத்தக்க நீண்ட கூடம் அது. ஊறுகாய் வைத்திருந்த பெரிய சீனப் பரணிகள் இன்றும் காட்சிக்கு உள்ளன. திருவிதாங்கூர் ஊட்டுப்புரைகளின் இலவச உணவு பெரும்பாலும் பிராமணர்களுக்கே உரியதாக இருந்தது என்பதையும் இங்கு நினைவில் கொள்ளலாம். வழிகாட்டிகள் ஆயிரம் என்ற எண்ணைச் சொல்வார்கள். அந்த ஆயிரத்தில் யார் இல்லை என்பதைச் சொல்வது அரிது.

சட்டம் சொல்வது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பண்பாட்டு வாழ்விலும் பொழுதுபோக்கிலும் மற்றவர்களுக்கு நிகராகப் பங்கேற்கும் உரிமையைத் தனிப்பிரிவாகவே வழங்குகிறது. ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்கள், விதிகள் அறிவிக்கப்பட்ட நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் அணுகத்தக்கவையாக மாற்றப்பட வேண்டும் என்பது அதன் 45-ஆவது பிரிவு. விதிகள் 2017 ஜூன் 15-இல் அறிவிக்கப்பட்டன. அதன்படி கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது.

ராஜீவ் ரதூரி வழக்கில் 2024 நவம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு இதில் முக்கியமானது. அணுகல்தன்மை தொடர்பான விதி 15(1) வெறும் பரிந்துரைகளின் தொகுப்பாக இருப்பது சட்டத்துக்கு முரணானது எனக் கூறிய நீதிமன்றம், கட்டாயமாகப் பின்பற்ற வேண்டிய தரநிலைகளை மூன்று மாதங்களுக்குள் வகுக்குமாறு மத்திய அரசுக்கு உத்தரவிட்டது. பழமையான கட்டடம் என்பதாலேயே எதுவும் செய்ய இயலாது என்ற வாதமும் முழுமையாக ஏற்கத்தக்கதன்று. கற்சுவரை இடிக்காமல், வேண்டும்போது வைத்து எடுக்கும் சாய்தளம், தரைத்தளத்தில் மாடிக் காட்சிகளின் காணொளி, பெரிய எழுத்துப் பலகை ஆகியவற்றைச் செய்யலாம். இவை எதுவும் தொல்லியல் மதிப்பைக் குறைக்காது.

சாய்தளம் இருக்கிறது என்ற பதிலோடு நிறைவடைந்துவிடக் கூடாது. ஓர் அடி உயரத்துக்குக் குறைந்தது பன்னிரண்டு அடி நீளம் என்பதே ஏற்கப்பட்ட கணக்கு. 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகளுக்கு ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளச் சாய்தளம் வேண்டும். பல இடங்களில் படியின் மீது சரிவாகப் பூசப்பட்டிருக்கும் சிமெண்ட் திட்டு, சரக்குத் தள்ளுவண்டிக்கே உதவும்.

தலைநகரின் சுவை

திருவனந்தபுரத்தின் சமையல், வட கேரளத்தின் பிரியாணி மரபிலிருந்து விலகி, நாஞ்சில் நாட்டுக்கு நெருக்கமாக நிற்கிறது. சத்யா எனப்படும் இலைச் சாப்பாட்டில் இதைத் தெளிவாகக் காணலாம். இங்கு போளி தனி இனிப்பாக வருவதில்லை. இலையில் போளியைப் பிய்த்துப் போட்டு, அதன் மேல் பால் பாயசத்தை ஊற்றிப் பிசைந்து உண்பதே வழக்கம். முதன்முறை காணும் தமிழருக்குச் சற்று வியப்பாக இருந்தாலும், இரண்டாவது கவளத்தில் காரணம் புரிந்துவிடும்.

இலைச் சாப்பாட்டுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. இலையின் நுனி இடப்பக்கம் இருக்க, உப்பேரி, சர்க்கரை வரட்டி, இஞ்சி, ஊறுகாய் ஆகியவை இடக்கோடியிலும், தோரன், அவியல், ஓலன், காளன் போன்றவை மேல்வரிசையிலும், சோறு கீழ்ப்பாதியிலும் என இடங்கள் மரபால் வரையறுக்கப்பட்டுள்ளன. பார்வை மாற்றுத்திறனாளி ஒருவருக்கு முதலில் ஒருமுறை விரலைப் பிடித்துக் காட்டினால் போதும். பிறகு யாருடைய உதவியும் இன்றி உண்ணலாம். தட்டில் வரும் உணவில் இந்த ஒழுங்கு கிடைக்காது. தரையில் பந்தி போடும் இடங்களும் உண்டு என்பதால், மேசை இருக்கிறதா என்று கேட்டுக்கொள்வது அவசியம்.

குமரி மாவட்டத்தார் மரச்சீனி என்றும் பிற தமிழர்கள் மரவள்ளி என்றும் சொல்லும் கிழங்கு இங்கும் மரச்சீனிதான். வடக்கே போகப் போக 'கப்பா' ஆகிறது. 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் இதன் சாகுபடியை ஊக்குவித்தார். இரண்டாம் உலகப்போரில் பர்மா அரிசி வரத்து நின்றபோது திருவிதாங்கூர் மக்களின் பசியைத் தாங்கியது இக்கிழங்கே. வேகவைத்துத் தேங்காயுடன் மசித்த மரச்சீனியும், தேங்காய் அரைத்த மீன்குழம்பும் பல் வலுவற்ற முதியோருக்கும் ஏற்ற உணவு. முள் குறைந்த மீனாகக் கேட்டு வாங்க வேண்டும் என்பது மட்டுமே எச்சரிக்கை. உடன் வைக்கப்படும் இளஞ்சிவப்பு நிற வெந்நீர் கண்டு தயங்க வேண்டியதில்லை. அது பதிமுகப் பட்டை போட்டுக் காய்ச்சிய குடிநீர்.

கோட்டைக்குக் கிழக்கே உள்ள சாலைக் கடைவீதி, திவான் ராஜா கேசவதாசால் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கப்பட்டது. தமிழ் வணிகர்களின் குரல் இன்றும் அங்கு கேட்கிறது. பொரித்த சிறு கோழிக்குப் பெயர்பெற்ற ரஹ்மானியா 'கெத்தேல்' கடை இங்குதான் இருக்கிறது. வீதி நெரிசலானது, சக்கர நாற்காலியுடன் செல்வோர் கூட்டம் சேரும் முன்பே சென்றுவிடுவது உகந்தது.

தம்பானூரில் ரயில் நிலையம் அருகே உள்ள இந்தியன் காபி ஹவுஸ், கட்டடக் கலைஞர் லாரி பேக்கரின் படைப்பு. செந்நிறச் சுருள் போன்ற அக்கட்டடத்தில் படிக்கட்டுக்குப் பதிலாகத் தொடர்ச்சியான சாய்தளமே மேலே சுற்றிச் செல்கிறது. அதன் ஓரத்தில் மேசைகளும் இருக்கைகளும் கட்டப்பட்டுள்ளன. படி ஏற அஞ்சும் முதியோருக்கு இது வசதி. சக்கர நாற்காலிக்கு அவ்வாறல்ல. நகர்த்த இயலாத இருக்கைகளும் சரிந்த தளமும் இடையூறாகும் என்பதால், வாயிலை ஒட்டிய கீழ்மேசையைக் கேட்பதே நல்லது. பீட்ரூட் சேர்த்த மசால் தோசை இங்கு பலரும் விரும்புவது.

பழங்குடி உணவுகளை இந்நகரில் அன்றாடம் காண்பது கடினம். 2023 நவம்பர் 1 முதல் 7 வரை நடந்த 'கேரளீயம்' விழாவில் அட்டப்பாடி குடும்பஸ்ரீ மகளிர் சமைத்த 'வனசுந்தரி' மூலிகைக் கோழிக்கு மக்கள் திரண்டனர். அதே விழாவில், கனகக்குன்றில் பழங்குடி மக்களையே குடிசைகளில் அமர்த்தி 'வாழும் அருங்காட்சியகம்' எனக் காட்டியது கடும் கண்டனத்துக்கு உள்ளானது. சமையலைத் தம் பெயரில் விற்றவர்களுக்கும், காட்சிப்பொருளாக அமர்த்தப்பட்டவர்களுக்கும் இடையிலான வேறுபாடு ஒரே விழாவில் வெளிப்பட்டது. குடும்பஸ்ரீ நடத்தும் உணவகங்களையும் உணவு விழாக்களையும் தேடிச் செல்வது நேர்மையான வழியாக இருக்கும்.

புறப்படும் முன்

தொலைபேசியில் "வசதி இருக்கிறதா?" என்று கேட்டால் "உண்டு" என்ற பதிலே வரும். அதற்குப் பதிலாக, "எத்ர படி உண்டு?" என்று மலையாளத்திலேயே எண்ணிக்கையைக் கேளுங்கள். கழிப்பறைக் கதவின் அகலம், வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாயில் வரையிலான தூரம், அங்கேயே சக்கர நாற்காலி தருவார்களா என்பவை அடுத்த கேள்விகள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையின் அசலை எடுத்துச் செல்வது சலுகை கோர உதவும்.

ஜூன் முதல் மழைக்காலம். பாசி படிந்த முற்றங்கள் வழுக்கும். ஓணத்தையொட்டி ஆகஸ்ட், செப்டம்பரில் சத்யா எங்கும் கிடைக்கும், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். பிப்ரவரி அல்லது மார்ச்சில் வரும் ஆற்றுகால் பொங்கல் நாளில் நகரச் சாலைகளெங்கும் பெண்கள் அடுப்பு மூட்டிப் பொங்கலிடுவதால் வாகனம் நகராது. அன்று அருங்காட்சியகத் திட்டம் வேண்டாம். வயணை இலையில் பொதிந்து வேகவைத்த தெரளியையும், பயற்றுமாவில் செய்யும் மண்டபுற்றையும் சுவைக்க விரும்புவோர் முதல் நாளே வந்து, கோயிலுக்கு நடந்து செல்லும் தூரத்தில், தரைத்தளத்தில் அறை எடுத்துத் தங்கிக்கொள்ளலாம்.