மார்வென்ஸ்டோ கல்லறைத் தோட்டமும் கலிடோனியா கப்பலும்

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியிலுள்ள கார்ன்வாலின் வடகரை செங்குத்தான பாறைகளால் ஆனது. மேலைக்காற்றில் அகப்பட்ட பாய்மரக் கப்பல்களுக்கு அங்கே புகலிடம் அரிது. 1842 செப்டம்பரில், ஒதேசாவிலிருந்து கோதுமை ஏற்றி வந்த கலிடோனியா என்னும் ஸ்காத்லாந்துச் சரக்குக் கப்பல், மார்வென்ஸ்டோ சபை எல்லையிலுள்ள ஷார்ப்நோஸ் முனையருகே பாறைகளில் மோதிச் சிதைந்தது. ஜெர்சித் தீவைச் சேர்ந்த மாலுமி ஒருவரே உயிர் பிழைத்தார்.

அக்காலத்தில் கரையொதுங்கிய உடல்களுக்கு நேர்ந்ததை நாம் அறிதல் வேண்டும். இறந்தவன் எந்த ஊரான், எந்தச் சபையான் என்பது தெரியாததால், கடலோர மக்கள் அவனைக் கண்டெடுத்த இடத்திலேயே, ஜெபமும் ஆராதனையுமின்றிப் புதைத்துவிடுவது நெடுநாள் வழக்கம். 1807 டிசம்பரில் ஆன்சன் என்னும் போர்க்கப்பல் தென்கரையில் உடைந்தபோது, மாண்டோர் அவ்வாறே புதைக்கப்பட்டனர். அதனால் உள்ளம் வருந்திய கார்ன்வால் வழக்கறிஞர் தாமஸ் கிரில்ஸ் என்பவரின் முயற்சியால் 1808ஆம் ஆண்டுச் சட்டம் பிறந்தது. கடலில் மடிந்து கரை சேர்ந்தோரைச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்வது அதன்பின் கடமையாயிற்று.

ஆயினும், சட்டம் குழியை மட்டுமே தரும். துக்கம் கொண்டாடுவோரைத் தராது. இக்குறையை நிறைவாக்கியவர் ராபர்ட் ஸ்டீபன் ஹாக்கர். 1834 முதல் 1875 வரை மார்வென்ஸ்டோவின் குருவாயிருந்த அவர், பாறைகளுக்கிடையே இறங்கி உடல்களைத் தேடினார். பிழைத்தவரைத் தம் குருமனையில் ஏற்றார். இறந்தோரை ஆராதனை முறைப்படி அடக்கம் செய்தார். கலிடோனியாவின் முகப்பில் இருந்த மரச்சிலை, வாளும் கேடயமும் ஏந்திய பெண்ணுருவம், அம்மாலுமிகளின் கல்லறையருகே நிறுத்தப்பட்டது. மூலச்சிலை இன்று ஆலயத்தினுள் காக்கப்படுகிறது. அவர் காலத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் அத்தோட்டத்தில் இடம் பெற்றனர்.

ஹாக்கரைப் பற்றி வழங்கும் கதைகள் பல. அவர் இறந்த மறு ஆண்டே பேரிங்-கூல்ட் எழுதிய வாழ்க்கை வரலாற்றில் கட்டுக்கதைகளும் கலந்துள்ளன. கலிடோனியாவைப் பற்றி ஹாக்கரே எழுதியதும் பல ஆண்டுகள் கழித்து நினைவிலிருந்து வரைந்ததே. வரலாறு பயிலும் மாணவர் இதை மறத்தலாகாது. எனினும், கல்லறைகள் கதையல்ல.

மற்றொன்றும் நினைக்கத்தக்கது. கோதுமைக் கப்பல் உடைந்த மறு ஆண்டு, 1843 அக்டோபரில், ஹாக்கர் தம் சபையாரை அறுப்பின் ஸ்தோத்திர ஆராதனைக்கு அழைத்தார். நம் சபைகள் இன்று ஆசரிக்கும் அறுப்பின் பண்டிகை, அதன் இக்கால வடிவில், அவ்வழைப்பிலிருந்து வளர்ந்ததெனக் கருதப்படுகிறது. இரண்டுக்கும் தொடர்பு உண்டென்று நாம் துணிந்து கூறுவதற்கில்லை. ஆனால், விளைச்சலுக்காக நன்றி கூறிய அதே குருவானவரே, விளைச்சலைச் சுமந்து வந்து மாண்டவர்களையும் தம்மவராக எண்ணினார் என்பது உண்மை.

அந்நியரை அடக்கம் பண்ணக் குயவனுடைய நிலம் வாங்கப்பட்டதைச் சுவிசேஷத்தில் வாசிக்கிறோம். அது அந்நியருக்கென்று ஒதுக்கிய தனி நிலம். ஹாக்கர் தனி நிலம் தேடவில்லை. தம் சபையாரின் நடுவிலேயே அவர்களுக்கு இடம் கொடுத்தார். உறுப்பினர் பட்டியலில் பெயரில்லாத ஒருவரின் உடல் நம் ஆலய வாசலுக்கு வரும் நாளில், நாம் எந்த நிலத்தைக் காட்டுவோம் என்பதை ஆயர் ஒவ்வொருவரும் முன்னதாகவே தீர்மானித்தல் நலம்.