அல்ட்ராவைடு மானிட்டர் வாங்கப்போறீங்களா? முதல்ல உங்க லேப்டாப்போட போர்ட்டைப் பாருங்க!

ஆஃபர்ல 34 இன்ச் அல்ட்ராவைடு மானிட்டர் வந்து இறங்கியாச்சு. பெட்டியைப் பிரிச்சு, மேஜையில தூக்கி வெச்சு, கேபிளைச் சொருகினா படமும் வருது. ஆனா, எழுத்தெல்லாம் பக்கவாட்டுல இழுத்துவிட்ட மாதிரி இருக்கு. மவுஸை நகர்த்தினா அம்புக்குறி திக்கித் திக்கி ஓடுது. 'பீஸ் சரியில்லபோல'ன்னு உடனே ரிட்டர்ன் போட்டுடாதீங்க. லேப்டாப் போர்ட், கேபிள், செட்டிங்ஸ்... இந்த மூணுல ஒண்ணு காரணமா இருக்கலாம். ஈ.எம்.ஐ போடுறதுக்கு முன்னாடியே இதையெல்லாம் பார்த்துட்டா பணமும் மிச்சம், டென்ஷனும் மிச்சம்.

அகலம் எவ்வளவு?

சாதாரண மானிட்டரின் அகல, உயர விகிதம் 16:9. அல்ட்ராவைடில் இது 21:9. 34 இன்ச் அல்ட்ராவைடின் உயரம், 27 இன்ச் சாதாரண மானிட்டரின் உயரம்தான். ஆனால், அகலம் சுமார் 80 செ.மீ. அதனால முதல்ல மேஜையை அளந்துடுங்க.

அடுத்தது ரெசல்யூஷன். 34 இன்ச்சில் 3440 x 1440 இருந்தால் எழுத்துகள் தெளிவாக இருக்கும். விலை குறைவாக இருக்கேன்னு அதே அளவில் 2560 x 1080 வாங்கினால், எழுத்து ஓரங்கள் சொரசொரப்பாகத் தெரியும். அந்த ரெசல்யூஷனுக்கு 29 இன்ச் சரியான அளவு.

3440 x 1440 என்றால் கிட்டத்தட்ட 49.5 லட்சம் பிக்ஸல்கள். ஃபுல் ஹெச்.டி-யில் இருப்பது சுமார் 20.7 லட்சம்தான். இரண்டு மடங்குக்கும் மேலான இந்தச் சுமை, விநாடிக்கு 60 முறை உங்கள் கேபிள் வழியாகப் போகணும். குழாய் சின்னதா இருந்தா தண்ணி எப்படி வரும்?

எந்த போர்ட் எவ்வளவு தாங்கும்?

ஹெச்.டி.எம்.ஐ: பார்க்க எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், வெர்ஷன் வேறு வேறு. பழைய லேப்டாப்களில் உள்ள 1.4 வெர்ஷனில், 3440 x 1440 படம் பல நேரங்களில் 30 அல்லது 50 ஹெர்ட்ஸிலேயே நின்றுவிடும். மவுஸ் திக்குவது 30 ஹெர்ட்ஸில்தான். 2.0 வெர்ஷன் என்றால் 60 ஹெர்ட்ஸ் தாராளமாகக் கிடைக்கும். போர்ட் பக்கத்தில் வெர்ஷன் எழுதியிருக்காது. லேப்டாப்பின் மாடல் நம்பரை வைத்து, தயாரிப்பு நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள்.

டைப்-சி: இங்கேதான் நிறைய பேர் ஏமாந்துபோறாங்க. எல்லா டைப்-சி போர்ட்டும் படத்தை அனுப்பாது. ஸ்பெக் ஷீட்டில் 'டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட்' என்றோ, 'தண்டர்போல்ட்' என்றோ இருக்கணும். தண்டர்போல்ட் போர்ட் பக்கத்தில் மின்னல் குறி இருக்கும். கேபிளிலும் கவனம் தேவை. போன் சார்ஜருடன் வரும் டைப்-சி கேபிள்கள் பலவற்றில் படம் போகாது. மானிட்டர் பெட்டியில் கொடுத்த கேபிளையே பயன்படுத்துங்கள்.

மானிட்டரில் 'பவர் டெலிவரி' வசதி இருந்தால் அந்த ஒரே கேபிளில் லேப்டாப்பும் சார்ஜ் ஆகும். உங்கள் சார்ஜர் 65 வாட் என்றால், மானிட்டரும் 65 வாட் தருகிறதா என்று பாருங்கள். கேமிங் லேப்டாப்புக்கு இது பத்தாது; அதோட சொந்த சார்ஜர் வேணும்.

கன்வெர்ட்டர்: லேப்டாப்பின் டைப்-சி-யிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குப் போகும் கேபிள் நல்ல வழி. ஆனால், லேப்டாப்பின் ஹெச்.டி.எம்.ஐ-யிலிருந்து மானிட்டரின் டிஸ்ப்ளேபோர்ட்டுக்குச் சாதாரண கேபிள் வேலை செய்யாது. விலை குறைந்த டைப்-சி ஹப் வாங்கும்போது '4கே 60 ஹெர்ட்ஸ்' என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். '4கே 30 ஹெர்ட்ஸ்' என்றால் அதே திக்கல் பிரச்னைதான்.

சொருகியாச்சு, அப்புறம்?

படமே வரலையா? மானிட்டர் பட்டனை அழுத்தி, 'இன்புட் சோர்ஸ்' சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். விண்டோஸில், விண்டோஸ் கீ-யையும் 'பி'-யையும் சேர்த்து அழுத்தி 'எக்ஸ்டெண்ட்' கொடுங்கள். 'டூப்ளிகேட்'டில் இருந்தால் லேப்டாப்பின் ரெசல்யூஷன் அல்ட்ராவைடில் வந்து, படம் இழுபடலாம். இல்லைன்னா ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும்.

பிறகு செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே என்று போய் 'ரெகமெண்டட்' என்று காட்டும் ரெசல்யூஷனைத் தேர்ந்தெடுங்கள். அங்கேயே 'அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே'யில் ரெஃப்ரெஷ் ரேட் 60 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்று பார்த்துடுங்க. நிறைய பேர் இந்தப் பக்கமே போறதில்லை.

லேப்டாப்பை மூடி வைத்து வேலை பார்க்க, விண்டோஸின் பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடும்போது 'டூ நத்திங்' என்று மாற்றுங்கள். மேக்புக்கில் சார்ஜர், தனி கீபோர்டு, மவுஸ் மூன்றும் இணைந்திருக்கணும். எம்1, எம்2 மேக்புக் ஏர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம்: அதில் நேரடியாக ஒரே ஒரு வெளி மானிட்டரைத்தான் இணைக்க முடியும். ரெண்டு மானிட்டருக்குப் பதிலா ஒரு அல்ட்ராவைடு, அவங்களுக்குப் பொருத்தமான சாய்ஸ்.

மீட்டிங்ல மானம் போகாம இருக்க...

முழு ஸ்கிரீனை ஷேர் பண்ணினால், எதிரில் சாதாரண லேப்டாப்பில் பார்ப்பவருக்கு எழுத்தெல்லாம் எறும்பு சைஸில் தெரியும். அதனால தேவையான விண்டோவை மட்டும் ஷேர் பண்ணுங்க. விண்டோஸ் 11-ல், விண்டோஸ் கீ-யோடு 'இஸட்' அழுத்தினால் திரையைப் பங்கு பிரிக்கும் கட்டங்கள் வரும். மூன்று விண்டோக்களைப் பக்கம் பக்கமாக வைக்கலாம்.

ஆர்டர் பட்டனை அழுத்துறதுக்கு முன்னாடி இன்னிக்கே ஒரு வேலை பண்ணுங்க. லேப்டாப்பைத் திருப்பி மாடல் நம்பரை போட்டோ எடுத்து, அதில் என்னென்ன போர்ட் இருக்கு, எந்த வெர்ஷன்னு பார்த்து எழுதி வெச்சுக்கோங்க. அஞ்சு நிமிஷ வேலைதான். மானிட்டரை அதுக்கப்புறம் தேடுங்க!