கம்பி வழியும் காற்று வழியும்

சிம்பாங் அம்பாட் என்னும் மலாய்ப் பெயருக்கு நாற்சந்தி என்பது பொருள். நான்கு திசையினின்றும் வண்டிகள் வந்து கூடும் சந்தியில், எத்துணை விரைவான வண்டியாயினும் தன் முறை வரும்வரை நின்றுதான் செல்லவேண்டும். செபராங் பிறையின் தென்பகுதியிலுள்ள இவ்வூரின் பெயரே, இன்று இல்லந்தோறும் எழும் வினா ஒன்றிற்கு விடை கூறி நிற்கிறது. கம்பி வழியே இணைத்தால் விரைந்து வரும் இணையம், வைஃபை வழியே வரும்போது தளர்வது ஏன் என்பதே அவ்வினா. இதற்கு விடை காண ஒன்றரை நூற்றாண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

1870ஆம் ஆண்டில், சென்னையிலிருந்து வங்கக் கடலின் அடியில் பினாங்கிற்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் தந்திக் கம்பிவடம் இடப்பட்டது. கப்பலேறிப் பல நாள் பயணம் செய்த செய்தி, அதன்பின் கடலடியில் விரைந்தது. பல தலைமுறைக்குப் பின்னர் அதே சென்னையையும் பினாங்கையும் கண்ணாடி இழைவடம் ஒன்று மீண்டும் இணைத்தது. வங்காள விரிகுடா நுழைவாயில் என்று பொருள்படும் பெயருடைய அவ்வடம் 2010களின் நடுவில் அமைக்கப்பட்டது. 2010 முதல் இழைவடம் மலேசிய இல்லங்களின் வாயிலுக்கும் வரலாயிற்று. ஆக, இணையத்தின் நெடும்பயணம் பெரும்பாலும் கம்பியிலும் இழையிலுமே நிகழ்கிறது. கடல் கடந்து கணப்பொழுதில் வரும் செய்தி தடுமாறுவது, கூடத்திலிருந்து அறைக்குச் செல்லும் கடைசிச் சில அடிகளில்தான்!

கம்பியில்லாக் கணினித் தொடர்பு, கம்பித் தொடர்பு எளிதாக அமையாத இடத்தில் பிறந்தது. ஹவாய்த் தீவுகளில் சிதறிக் கிடந்த கல்விக்கூடங்களை வானொலி அலையால் இணைக்க, நார்மன் ஆபிராம்சன் குழுவினர் அலோஹா என்னும் அமைப்பை 1971இல் இயக்கினர். பலர் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்தனர். இருவர் ஒரே வேளையில் அனுப்பினால் செய்திகள் மோதிச் சிதைந்தன. சிதைந்தவற்றைச் சற்றுப் பொறுத்து மீண்டும் அனுப்பவேண்டியிருந்தது. இம்முறையில் அலைவரிசையின் திறனில் 18 விழுக்காட்டளவே பயன்படும் என்று கணக்கு காட்டியது.

அலோஹாவை ஆராய்ந்த ராபர்ட் மெட்காஃப், 1973இல் அமெரிக்காவின் செராக்ஸ் ஆய்வகத்தில் ஈதர்நெட் முறையை வகுத்தார். விந்தை என்னவெனில், தொடக்கத்தில் அக்கம்பியும் பலருக்குப் பொதுவாகவே இருந்தது. அங்கும் மோதல் உண்டு. ஆனால் கம்பியைப் பிரிக்கலாம். காலப்போக்கில் ஒவ்வொரு கணினிக்கும் தனிக்கம்பி அளிக்கப்பட்டது. ஒரே வேளையில் அனுப்பவும் பெறவும் வழி பிறந்தது. நாற்சந்தியில் காத்திருந்த வண்டிக்குத் தனிச்சாலையே கிடைத்துவிட்டது.

காற்றையோ அவ்வாறு கூறுபோட்டு வீட்டுக்கொரு பங்கு தரவியலாது. 1997இல் வைஃபைக்கு முதல் தரவரையறை வகுக்கப்பட்டபோது, பகிர்ந்துகொள்ளும் பழைய முறையே அங்குத் தொடர்ந்தது. கருவி ஒவ்வொன்றும் முதலில் காது கொடுத்துக் கேட்கிறது. அமைதி நிலவினால் மட்டுமே பேசுகிறது. தான் பேசும்போது தன் குரலே ஓங்கி ஒலிப்பதால், அதே அலைவரிசையில் பிறர் குரல் அதற்குக் கேளாது. ஆதலின் அனுப்பிய செய்தி சேர்ந்ததற்கு மறுமொழி வரும்வரை காத்திருக்கிறது. வாராவிடின் மீண்டும் அனுப்புகிறது. அண்டை வீட்டாரின் வைஃபையும், சமையலறை மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைப்பரப்பில் குறுக்கிடக்கூடும். செங்கற்சுவர்களைக் கடக்கையில் அலை மெலிகிறது. மெலிந்தால் கருவி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. மெதுவாகப் பேசும் ஒரு கருவி நெடுநேரம் பேசுவதால், ஏனையவையும் காத்து நிற்கின்றன. பெட்டியின்மேல் அச்சிட்ட வேகத்தில் ஏறக்குறையப் பாதியே கைக்கு எட்டுவது இதனாலேதான்.

இதனை அறிவது வெறும் பொழுதுபோக்கன்று. 2020 மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், மலேசியப் பிள்ளைகளுக்கு வீடே பள்ளியாயிற்று. வரிசை வீடுகளில் மூன்று பிள்ளைகள் மூன்று வகுப்புகளுக்காக ஒரே காற்றைப் பகிர்ந்த வேளையில், ஆசிரியரின் குரல் பாதியில் அறுந்தது. பாடத்தை இழந்த பிள்ளை சோம்பேறி என்று ஏசப்பட்டதும் உண்டு. வேகத்தைக் கூட்ட மாதக் கட்டணத்தை உயர்த்திய பெற்றோரும் உண்டு. நோய் வாயிலுக்கு வெளியே இருந்தால் அம்மருந்து பலிக்கும்; கூடத்துக்கும் அறைக்கும் இடையே இருந்தால் பலிக்காது. கணினியைக் கம்பியால் இணைத்துப் பார்த்தாலே நோய் எங்கே என்பது புலப்படும். கம்பியில் விரைவு இருப்பின் குறை காற்றில். கம்பியிலும் தளர்ச்சி இருப்பின் குறை பெரும்பாலும் அதற்கு அப்பால்.

கம்பியில்லா வழியைப் பழிப்பது நன்றன்று. தீவுகளை இணைத்தது அது. நடமாடும் மனிதனோடு உடன் நடப்பதும் அதுவே. அந்த விடுதலைக்குக் கொடுக்கும் விலையே வேகம். ஆயினும், ஓரிடத்தில் அமர்ந்து கற்கும் பிள்ளை அவ்விலையைக் கொடுக்கவேண்டியதில்லை. படிக்கும் மேசைவரை ஒரு கம்பியை இழுத்துத் தரும் பெற்றோர், அப்பிள்ளையை நாற்சந்தியில் காக்கவைக்காமல் தனிச்சாலையில் அனுப்புகின்றனர்.